நாலு ஏக்கர் தோட்டம், மூணு ஏக்கர் புல்லு

சுபஸ்ரீ ஒருவனை விரும்புகிறாள் என்பதில் லோகநாயகிக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. இரண்டு வருஷமாக மீஞ்சூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய் வருகிற பெண். வீட்டுக்குள் நுழையும்போதே போனைக் கவிழ்த்து வைப்பதை அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பையன் பேர் சிவசங்கர், அதே கம்பெனியில் சூப்பர்வைசர், ஊர் காங்கேயம் பக்கம், ஆளுங்க வேற. இதையெல்லாம் கேட்டுக்கொண்டே கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள், அடுத்ததாக மகள் சொன்னதில்தான் கையை நிறுத்தினாள்.

"அவங்க தோட்டத்துல இருக்காங்கம்மா."

"எந்தத் தோட்டம்?"

"எந்தத் தோட்டம்னா? அவங்க தோட்டம்தான். நாலு ஏக்கர். அது போக மூணு ஏக்கர் புல்லு."

லோகநாயகிக்குத் தெரிந்த தோட்டம் ஒன்றே ஒன்று. அவள் தங்கை ராயபுரத்தில் வாக்கப்பட்டுப் போன பச்சையம்மா தோட்டம். எந்தக் காலத்தில் யார் செடி வைத்தார்களோ, இப்போது அங்கே ஒரு இலை கிடையாது. பத்துக்குப் பத்து அறைகள், நடுவில் சாக்கடை, ஒரு குழாய்க்கு அறுபது குடம். அதைத் தவிர்த்தால் திருப்பாலைவனம் பக்கம் பஸ்ஸில் போகும்போது தெரியும் கத்தரியும் மிளகாயும். அங்கேயும் தோட்டத்தில் யாரும் குடியிருப்பதில்லை. வேலை முடிந்தால் ஊருக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

"தோட்டத்துல எப்படிடி இருப்பாங்க? காவலுக்கா?"

"வீடே அங்கதாம்மா."

"சரி. மூணு ஏக்கர் புல்லுன்னியே, அது இன்னாத்துக்கு?"

சுபஸ்ரீக்குச் சொல்லத் தெரியவில்லை. "புல்லுதான். லான் மாதிரி இருக்கும்னு நெனைக்கிறேன்" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் சொல்லியிருக்கக் கூடாது. லான் என்றால் என்னவென்று லோகநாயகிக்கு மிக நன்றாகத் தெரியும். கருவாட்டு வியாபாரம் படுத்த ஒரு சமயத்தில், கடலோரம் ஒரு கம்பெனி காம்பவுண்டுக்குள் இரண்டு வருஷம் கான்ட்ராக்டில் புல் வெட்டியிருக்கிறாள். குப்பத்துப் பெண்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த நாட்களில் அந்தப் புல்லுக்குத் தனியாக ஒரு லாரி தண்ணீர் வரும். வெட்டுகிறவள்கூட அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. சுற்றி முள்கம்பி, கேட்டில் ஆள். புல்லை வேலி போட்டு வைக்கிறவன் அதற்குப் பின்னால் எதையோ செய்கிறான் என்பது அவள் அங்கே கற்றுக்கொண்ட பாடம்.

"இன்னாத்தையோ மறைக்கிறாங்க" என்றாள் கணவனிடம்.

தருமலிங்கம் கடைசியாகப் பேசியவர் சொன்னதை ஒப்புக்கொள்கிற மனிதர். "இருக்கும்" என்றார். மகள் வந்து பேசியபோது, "அப்படியெல்லாம் இருக்காதும்மா" என்றார்.

முறைப்படி ஆண்கள் போய்ப் பார்த்து வரட்டும் என்று முடிவாயிற்று. தருமலிங்கமும், லோகநாயகியின் அண்ணன் நீலமேகமும், ஊர்ப் பெரியவர்கள் இருவரும் ரயிலேறி ஈரோட்டில் இறங்கி, பஸ் பிடித்துப் போனார்கள். மூன்றாம் நாள் காலை திரும்பி வந்தார்கள். நீலமேகம் சட்டையைக்கூடக் கழற்றாமல் தங்கையின் வீட்டு வாசலில் நின்று சொன்னார்:

"அங்க ஊரே இல்ல."

"இன்னாண்ணே சொல்ற?"

"ஊரு ரெண்டு கிலோமீட்டர் தள்ளிக் கீது. இவங்க மட்டும் தனியா ஒரு வீடு. நாலா பக்கமும் வெறும் வயக்காடு. அடுத்த வீடு கண்ணுக்குத் தெரியுது, ஆனா கூப்டா கேக்காது. புல்லுன்னு சொன்னாளே உன் பொண்ணு, பார்த்தேன். காஞ்சுபோன புல்லு. சுத்தி முள்வேலி, கேட்டு, கேட்டுல பூட்டு. உள்ளாற நாலு மாடு. சும்மா கெடக்குற புல்லுக்குப் பூட்டு எதுக்குன்னு கேட்டதுக்கு மாப்பிள்ளையோட அண்ணன்காரன் சிரிக்கிறான்."

"மனுசங்க எப்படி?"

"நல்லாத்தான் பேசுறாங்க. வாங்க போங்கன்னு. அதுவே எனக்குச் சரியாப் படல." நீலமேகம் குரலைத் தாழ்த்தினார். "கேளு. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில வழி கேட்டோம். 'அந்தச் சாளைக்கா போறீங்க?'ன்னு கேட்டுட்டு மூஞ்சியத் திருப்பிக்கினான். தோட்டத்து வீட்டை அவங்க சாளைன்னு சொல்றாங்க. வழியில பைக்ல வந்த ஒருத்தன் எங்களப் பார்த்ததும் வண்டியத் திருப்பிக்கினு போயிட்டான். மதியம் முச்சூடும் அந்த வீட்ல இருந்தோம். ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, வந்து யாரு இன்னான்னு எட்டிப் பார்க்கல."

இதைக் கேட்டதும் லோகநாயகி தங்கள் ஊரை நினைத்துப் பார்த்தாள். மேட்டுக்குப்பத்தில் புது முகம் ஒன்று நுழைந்தால் ஐந்து நிமிஷத்தில் முப்பது பேர் கூடுவார்கள். வீட்டுச் சுவரும் வீட்டுச் சுவரும் ஒட்டியிருக்கும். இவள் வீட்டில் தாளிப்பது கருகினால் நாலாவது வீட்டில் இருந்து குரல் வரும். அங்கே தனியாக இருப்பது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கட்டுப்பாட்டை மீறியவனை ஊர் ஒதுக்கி வைக்கும். அவனுக்கு நெருப்புக் கொடுக்க மாட்டார்கள், வலையில் கை வைக்க விட மாட்டார்கள், ஏரியில் பாடு கிடையாது. பாடு என்றால் ஏரியில் வலை விடும் முறை. இன்றைக்கு இவருக்கு, நாளைக்கு அவருக்கு என்று ஊர் பிரித்துக் கொடுப்பது.

"ஒதுக்கி வெச்சிருக்காங்க" என்றாள்.

"அதேதான். இன்னா பண்ணாங்களோ" என்றார் நீலமேகம்.

அன்று சாயந்திரம் வேலை முடிந்து வந்த சுபஸ்ரீயிடம் அம்மா சுருக்கமாகச் சொன்னாள். "வேணாம். நாலு பேரு இல்லாத எடத்துல உன்ன விட்டுட்டு நான் இங்க தூங்க முடியாது. நீ கத்துனா அங்க யாருக்குக் கேக்கும்?"

"நான் எதுக்கும்மா கத்தப் போறேன்?"

"அது இப்பத் தெரியாது."

சுபஸ்ரீ அழவில்லை, சண்டை போடவில்லை. மறுநாள் வழக்கம்போல ஆறரை மணி பஸ்ஸுக்குப் போனாள். வீட்டில் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அம்மாவுக்கு அது இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. பையில் துணி ஏதாவது எடுத்துப் போகிறாளா என்று தினமும் காலையில் கண்ணாலேயே எடை போட்டாள்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, பழவேற்காட்டில் இருந்து வந்த ஆட்டோவில் இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி ஐம்பத்தைந்து வயதிருக்கும், நெற்றியில் வெறும் திருநீறு, காலில் ரப்பர் செருப்பு. மற்றவள் முப்பதைத் தாண்டாதவள், இடுப்பில் ஒரு கூடை தேங்காய். சிவசங்கரின் அம்மா பொன்னியம்மாளும் மூத்த மருமகள் வெண்ணிலாவும். சொல்லாமல் வந்துவிட்டார்கள்.

சொல்லாமல் வந்ததே லோகநாயகிக்கு உறுத்தியது. ஆனாலும் நாற்காலி போட்டாள், குளிர்பானம் வாங்க தருமலிங்கத்தை அனுப்பினாள்.

பொன்னியம்மாள் உட்காரவில்லை. வாசலில் நின்றபடி இடமும் வலமும் பார்த்தாள். "ஊரு பேருல காடு இருக்குது, பழவேற்காடுன்னு. வழியெல்லாம் பார்த்துட்டே வந்தேன், காட்டையே காணோமுங்க" என்றாள்.

"காடா? அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு கீது. இன்னா, விறகு வேணுமா?"

"இல்லீங்க. உங்க காடு எங்கீங்கன்னு கேட்டேன்."

லோகநாயகி விழித்தாள். வெண்ணிலா குறுக்கே வந்து, "நெலத்தைத்தான் அத்தை காடுங்கறாங்க. வெள்ளாமை வெக்கற நெலம்" என்றாள்.

"நெலம் ஏது? இந்த வீடுதான்."

"அப்ப சம்பாத்தியம்?"

"ஏரி கீது. கடல் கீது."

"ஏரி யாரு பேருல இருக்குதுங்க?"

"யாரு பேர்லயும் இல்ல. எல்லாருக்கும்தான். முறை வெச்சுக்கினு போவாங்க."

பொன்னியம்மாள் இதை மனதில் வாங்கிக்கொண்ட விதம் லோகநாயகிக்குப் பிடிக்கவில்லை. பேரில் ஒன்றும் இல்லாதவர்கள் நாளைக்கே மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று அந்த அம்மாள் கணக்குப் போடுகிறாள் என்று பட்டது. அதற்குள் சேதி பரவிவிட்டது. பக்கத்து வீட்டு ராஜம்மா முதலில் வந்தாள். பிறகு அவள் ஓரகத்தி, எதிர் வீட்டுப் பெண்கள் மூவர், வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள், கடைசியில் நீலமேகம். எல்லோரும் உள்ளே வந்து சுவரோரமாக நின்று, வந்தவர்களையே பார்த்தார்கள். ஒருவரும் பேசவில்லை.

பொன்னியம்மாளின் முகம் மாறியது. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இத்தனை பேரு எதுக்கு வந்திருக்காங்க? ஆட்டோக்காரன நிக்கச் சொன்னியா?"

லோகநாயகிக்கு அப்போதுதான் உறைத்தது, இந்தப் பொம்பளை பயப்படுகிறாள் என்று. யாரும் வராததைப் பார்த்து இவர்கள் பயந்ததைப் போல, எல்லோரும் வந்ததைப் பார்த்து அவள் பயப்படுகிறாள்.

அதைப் பற்றி மேலே யோசிக்க அவளுக்கு மனமில்லை. அவளுக்கு வேண்டியது வேறு. "கருவாடு காயப்போட்டிருக்கேன், திருப்பிப் போடணும். நீ வாம்மா, காத்தாட" என்று வெண்ணிலாவைக் கூப்பிட்டாள். மாமியார் இல்லாத இடத்தில் மருமகளிடம் கேட்டால் வீட்டின் நிஜம் தெரிந்துவிடும்.

ஏரிக்கரை மணலில் விரித்த வலையின்மேல் மடவை, காரப்பொடி மீன்கள் காய்ந்துகொண்டிருந்தன. வெண்ணிலா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். பிறகு மரியாதைக்காக எடுத்துவிட்டாள். லோகநாயகி குனிந்து மீனைத் திருப்பிக்கொண்டே, நேராகக் கேட்டாள்:

"உங்க தோட்டத்துல கத்துனா யாருக்குக் கேக்கும்?"

வெண்ணிலாவும் குனிந்து நாலு மீனைத் திருப்பினாள்.

"யாருக்கும் கேக்காதுங்க" என்றாள்.

லோகநாயகி நிமிர்ந்தாள்.

"பொய் சொல்லி என்னங்க ஆகப்போவுது? நான் பொறந்தது தாராபுரம் டவுனு. கட்டிட்டு வந்த புதுசுல பொழுது சாஞ்சா அழுகை வந்துரும். தூரத்துல ஒத்தை வெளக்குதான் தெரியும். ஒரு வருசம் ஆச்சு பழக. ஆனா நான் கத்தற மாதிரி அந்த வீட்ல ஒண்ணும் நடக்கலைங்க. மாமனார் இருந்தாரு, போயிட்டாரு, மூணு வருசமாச்சு. அத்தை வாய் பேசுவாங்க. கை ஓங்க மாட்டாங்க."

"புல்லுக்கு எதுக்குப் பூட்டு?"

"கொறங்காடுங்களா? அது மாட்டுக்குங்க. மழை இல்லாத சீமை, தண்ணி பாயாத நெலத்துல கொழுக்கட்டைப் புல்லு விட்டு வேலி கட்டிருவோம். மாடு அதுவா மேஞ்சுக்கும். எங்க பக்கம் எல்லாருக்கும் அப்படித்தான். எல்லாரும் அவங்கவங்க தோட்டத்துலதான் சாளை கட்டிக் குடியிருப்பாங்க. பூட்டு, போன வருசம் ஆட்டைத் திருடிட்டாங்க, அதுக்கு."

எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. லோகநாயகிக்குக் கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது.

"அப்ப டீக்கடைக்காரன் ஏன் மூஞ்சியத் திருப்பினான்? எங்காளுங்க வந்த அன்னைக்கு ஏன் ஒரு ஈ காக்கா வரல? ஊரு உங்கள ஒதுக்கி வெச்சிருக்கு. இல்லன்னு சொல்லு."

வெண்ணிலா திரும்பி வீட்டைப் பார்த்தாள். மாமியார் தெரியவில்லை.

"பங்காளிங்க பேசறதில்லைங்க. கோயில் நோம்பிக்குக் கூப்பிடலை. கொழுந்தனாரு இந்தப் பொண்ணைத்தான் கட்டுவேன்னு சொன்னாங்கல்ல? அத்தை முதல்ல மூணு நாள் சோறு திங்கலை. அப்பறம் சரின்னுட்டாங்க. சரின்னு சொன்ன அன்னையில இருந்து தோட்டத்துப் பக்கம் யாரும் வர்றதில்லை."

"எங்க பொண்ணாலயா?"

"உங்க பொண்ணாலதாங்க."

லோகநாயகி மணலில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் அந்த வீட்டுக்காரர்கள் என்ன தப்பு செய்தார்கள் என்று விதவிதமாக யோசித்திருந்தாள். கொலை, கள்ளச்சாராயம், முதல் மருமகளை ஏதாவது பண்ணியது. இவள் மகள்தான் அந்தத் தப்பு என்று தோன்றவே இல்லை. ஒரு நிமிஷம் மனசு இளகியது. அடுத்த நிமிஷமே அதற்குள் இருந்து வேறொரு சந்தேகம் தலை நீட்டியது. இது முன்னதைவிட மோசமாக இருந்தது. எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

அங்கே ராஜம்மா பொன்னியம்மாளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். லோகநாயகி எதிரே நின்றாள்.

"உங்கள சொந்தக்காரங்க ஒதுக்கிட்டாங்களாமே. என் பொண்ணால."

பின்னால் ஓடிவந்த வெண்ணிலாவை மாமியார் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முகத்தை இயல்பாக்கிக்கொண்டு சொன்னாள்: "எங்க நாத்தனா பேரனுக்குக் காது குத்துனாங்க. பத்திரிகை வெக்கலை. அவ்வளவுதானுங்க. நான் போகாட்டி அவங்க சீர்தான் கொறையும்."

"நாளைக்கு இத என் பொண்ணு தலையில போடுவீங்களா? உன்னாலதான் நாங்க நாதியத்துப் போனோம்னு?"

பொன்னியம்மாள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், அதுதான் லோகநாயகிக்கு ஆச்சரியம்.

"போட மாட்டேன்னு சொன்னா நம்புவீங்களா?"

"மாட்டேன்."

"அப்பறம் எதுக்குங்க கேக்கறீங்க?"

நீலமேகம் தன்னை மறந்து சிரித்துவிட்டார். லோகநாயகி அண்ணனை முறைத்தாள்.

"கோவம் வந்தா சொல்லிருவேன்னுதான் நெனைக்கறேன்" என்றாள் பொன்னியம்மாள் மெதுவாக. "நானும் மனுசிதானே. ஆனா அதைத் தெரிஞ்சுட்டே பொண்ணு வரட்டும். அதுக்குத்தான் நேர்ல வந்தேன். எம்பையன் பாதிதான் சொல்லுவான். நீங்க எங்களப் பத்தி என்ன நெனைக்கறீங்களோ, அதையேதான் நானும் உங்களப் பத்தி நெனைச்சுட்டு வந்தேன். வந்து பாருங்க. நீங்களே வந்து பாருங்க. ஆம்பளைங்க பார்த்து என்ன தெரியும்?"

"வர்றேன். கல்யாணம் ஆனதும் அவகூட வந்து ஒரு மாசம் இருப்பேன்."

"ஒரு மாசமுங்களா?" பொன்னியம்மாள் திடுக்கிட்டாள். அப்புறம், "வாங்க. களையெடுக்க ஆளு கெடைக்கறதில்லை" என்றாள்.

அதுவரை அறைக்குள் கதவருகே நின்றிருந்த சுபஸ்ரீ, பத்து நாளில் முதல் முறையாக, "அம்மா, சாப்பாடு போடட்டுமா?" என்று கேட்டாள்.

மாசியில் மீஞ்சூரில் ஒரு சின்ன மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டில் இருந்து வந்தவர்கள் பதினாலு பேர். பெண் வீட்டில் இருந்து இரண்டு வேன். பெண்ணும் மாப்பிள்ளையும் மீஞ்சூரிலேயே வீடு பார்த்து வேலைக்குப் போவது என்றும், லீவு கிடைக்கும்போது தோட்டத்துக்குப் போவது என்றும் பேசிக்கொண்டார்கள். முதல் லீவுக்குப் போனபோது, சொன்ன சொல் தவறாமல், லோகநாயகியும் ஒரு பையோடு கிளம்பினாள்.

ஒரு மாசம் தாங்கவில்லை. பதினோரு நாள் இருந்தாள். களை எடுத்தாள், தக்காளி பறித்தாள், பொன்னியம்மாளோடு மூன்று தடவை சண்டை போட்டாள். மூன்றும் குழம்பில் புளி எவ்வளவு என்பதைப் பற்றி. பேச்சுச் சத்தமில்லாத சாயந்திரங்கள்தான் அவளைப் படுத்தின. ஏழாம் நாள் பகலில், வீட்டில் எல்லோரும் வேலையாக இருந்தபோது, தனியாக அந்தக் கொறங்காட்டின் மூலைக்குப் போனாள். காய்ந்த புல் முழங்கால் வரை குத்தியது. சுற்றிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. பிறகு அடிவயிற்றில் இருந்து, கரையில் நின்று படகைக் கூப்பிடுகிற குரலில், "ஐயோ!" என்று கத்தினாள்.

மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன. கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அடுத்த தோட்டத்தில் இருந்து ஒரு ஆள் கையில் தடியோடு ஓடிவந்து வேலியின் அந்தப் பக்கம் நின்றான். மூச்சு வாங்கியது. "என்னாச்சுங்க?"

லோகநாயகிக்கு வாய்க்கு வந்தது, "பாம்பு."

அவன் வேலியைத் தாண்டி உள்ளே வந்து புல்லைத் தடியால் அடித்துக்கொண்டே தேடினான். அதற்குள் வீட்டில் இருந்து பொன்னியம்மாள் ஓடிவந்தாள். அவனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அவன் அவளுடைய பங்காளி, நாகப்பன். எட்டு மாசமாகப் பேசாதவன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. "பாம்பு போயிருச்சுங்க. செருப்புப் போட்டுட்டு வரச் சொல்லுங்க" என்று யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொல்லிவிட்டு, வந்த வழியே போனான். பொன்னியம்மாள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பாம்பு என்ன நிறம் என்று அவள் கேட்கவே இல்லை.

மேட்டுக்குப்பத்துக்குத் திரும்பியதும் அண்ணனிடம் முதலில் இதைத்தான் சொன்னாள். நீலமேகம் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார்.

"கத்துன எவ்ளோ நேரத்துல வந்தான்?"

"ரெண்டு நிமிஷம். மூணு இருக்கும்."

"அவன் வீடு எவ்ளோ தூரம்?"

லோகநாயகி மனதுக்குள் நடந்து பார்த்தாள். "ஓடியாந்தாலும் அஞ்சாறு நிமிஷம் ஆவும்."

"அப்ப மூணு நிமிஷத்துல எப்படி வந்தான்? வேலிகிட்டயே நின்னுகினு உங்களப் பார்த்துகினு இருந்திருக்கான்."

அவள் சிரித்தாள். "உனக்கு வேற வேலை இல்லண்ணே. பேசாதவன், வேலி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துகினு இருந்தான்னா, பேச ஆசையாக்கூட இருக்கலாம்ல?"

"இருக்கலாம்" என்றார் நீலமேகம், தாரைக் கலக்கியபடி. "இல்லாமலும் இருக்கலாம்."

லோகநாயகி கொஞ்ச தூரம் நடந்தாள். படகுகளின் நிழலில் நின்றாள். நாகப்பன் வேலியோரம் நின்றிருந்ததைப் பொன்னியம்மாளிடம் சொன்னால் என்ன என்று பட்டது. பிறகு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். பொன்னியம்மாளின் நம்பரை அனுப்பச் சொல்லிக் கேட்டாள்.

"எதுக்கும்மா?" என்றாள் சுபஸ்ரீ. குரலில் சந்தேகம்.

"சும்மாதான்டி" என்றாள் லோகநாயகி.